காதைப் பொத்திய பிள்ளையும் காரணம் கேட்ட ஊரும்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சாயரட்சை தீபாராதனை வேளை. முன்பெல்லாம் ஆள் நின்று முழக்கிய நகராவுக்கும் சேகண்டிக்கும் பதிலாக, மோட்டாரில் ஓடும் மேளமணி இயந்திரம் ஒன்றை யாரோ ஓர் உபயதாரர் வாங்கி மகாமண்டபத்தில் நிறுத்தியிருக்கிறார். அதன் விசையை அர்ச்சகர் தட்டிய மறுகணமே, தூணோரம் பாட்டியின் கையைப் பற்றி நின்ற நான்கு வயதுப் பிள்ளை ஒருவன் இரண்டு உள்ளங்கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு, முகம் வெளிறிக் கல்தரையில் சரிந்து, அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் எழுப்பினான். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். “சாமிச் சத்தம் கேட்டால் இப்படித் துடிக்கிறதே, பிள்ளைக்குள்ளே வேறே ஏதோ புகுந்திருக்கு. வெள்ளிக்கிழமை மந்திரிச்சுக் கயிறு கட்டுங்கள்” என்றாள் ஒரு முதியவள். “கிரகணத்தன்று வாயும் வயிறுமாய் வெளியே வந்திருப்பாள்” என்றாள் மற்றொருத்தி. படித்தவராகத் தோன்றிய ஒருவர், “அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, பிறந்த நாள் முதல் கையில் போனைக் கொடுத்துப் பழக்கியிருப்பார்கள்” என்றார். பிள்ளையைப் பெற்றவள் இரண்டடி பின்னால், முந்தானையால் வாயை மூடியபடி நின்றிருந்தாள். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருவர் பேயைச் சொன்னார், ஒருவர் கிரகத்தைச் சொன்னார், ஒருவர் தொலைபேசியைச் சொன்னார். பழமையிலிருந்து புதுமை வரையில் நீண்டு கிடந்த அந்த மூன்று காரணங்களும், ஆற்றின் மூன்று கால்கள் ஒரே ஏரியில் வந்து விழுவதுபோல, வாய் மூடி நின்ற அந்த ஒருத்தியின் தலைமேல் வந்து விழுந்ததை அன்று நான் கண்டேன். ஆட்டிசம் என்று இன்று உலகம் வழங்கும் இயல்போடு ஒரு பிள்ளை பிறக்கும்போது, அப்பிள்ளை சார்ந்த சமூகம் ‘ஏன் இப்படி’ என்ற வினாவுக்கு எந்த விடையைக் கையில் வைத்திருக்கிறதோ, அந்த விடையே அவன் எப்போது வைத்தியரிடம் போவான், எந்தப் பள்ளியில் சேர்வான், கல்யாண வீட்டுப் பந்திக்கு அழைத்துச் செல்லப்படுவானா, உள்ளறையில் பூட்டி வைக்கப்படுவானா என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது என்பது, இத்துறையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகளைப் படிப்பவர்க்குத் தெளிவாக விளங்கும்.

முதலில் அந்தப் பிள்ளையின் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயில் மண்டபத்தில் ஒரே சமயத்தில் எழும் நூறு ஓசைகளில் வேண்டாதவற்றைத் தணித்து, வேண்டியதை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்து தரும் வேலையை, நாம் அறியாமலே நம் மூளை இடையறாது செய்துகொண்டிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தத் தணிப்பு நமக்குப்போல் நடப்பதில்லை. ஆகையால், நமக்கு மங்கல ஒலியாக இருப்பது அவனுக்குக் காதில் காய்ச்சிய ஈயம். ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றில் காணும் இந்த மிகையுணர்ச்சியையோ குறையுணர்ச்சியையோ, அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, ஆட்டிசத்தின் இலக்கணங்களுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. பிறரோடு பேசிப் பழகுவதில் தடை, ஒரே செயலையும் ஒரே ஒழுங்கையும் விடாது பற்றிக்கொள்ளுதல் ஆகிய இரண்டும் அதற்கு முன்பிருந்தே சொல்லப்பட்டு வந்தவை. 1943-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் என்ற வைத்தியர், எட்டு ஆண் பிள்ளைகளும் மூன்று பெண் பிள்ளைகளுமாகப் பதினொருவரை விவரித்து எழுதிய கட்டுரையிலிருந்தே இதன் மருத்துவ சரித்திரம் பெரிதும் பேசப்படுகிறது.

காரணம் என்ன என்ற கேள்விக்கு விஞ்ஞானம் இன்று சொல்லக்கூடியது முழு விடையன்று. ஆயினும் உறுதியான ஒரு பகுதி அதில் உண்டு. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் பிரிட்டனில் இருபத்தோர் இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த பதினொரு ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறு வேறு கருவிலிருந்து வந்த பத்து ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. ஒரே தாய், ஒரே கர்ப்பம், ஒரே வீடு, ஒரே கிரகநிலை. மாறியது மரபணு ஒன்றே. டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டு செய்து 2019-இல் வெளியான ஆராய்ச்சி, இவ்வியல்பு ஒருவர்க்கு இருப்பதற்கும் மற்றொருவர்க்கு இல்லாததற்குமான வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் பரம்பரையால் விளங்குவது என்று கணித்தது. பரம்பரை என்றவுடன் ‘யார் குடும்பத்து ரத்தம்’ என்று கேட்கத் தோன்றும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகப் பங்கு கொள்ளும் விஷயம் இது. சில பிள்ளைகளிடம் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத புதிய மாற்றம் ஒன்று தானே தோன்றுவதும் உண்டு. பழி சுமத்துவதற்கு ஆள் தேடிப் போகிறவர் இங்கே வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இயற்கை எங்கும் ஒருபடித்தாக இருக்க, அதைக் கண்டுகொள்ளும் கண் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. அமெரிக்கப் பெற்றோர் பெரும்பாலும் பிள்ளை உரிய காலத்தில் பேசவில்லை என்பதைக் கொண்டே முதலில் ஐயுறுகிறார்கள்; இந்திய நகரங்களில் இப்பிள்ளைகளின் பெற்றோரை ஆராய்ந்த டமாரா டேலி என்பவர், இங்கே பலர் முதலில் கவனித்தது பேச்சை அன்று, பிள்ளை பிறரோடு ஒட்டாமல் இருந்ததையே என்று 2004-இல் எழுதினார். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அவன் அப்பனும் அப்படித்தான்’ என்று சொல்லி, வசம்பைச் சுட்டு நாவில் தடவி, காத்திருப்பது நம் வீடுகளின் வழக்கம். அதே வீட்டில், சித்தப்பா வந்தால் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொள்ளாத பிள்ளை, தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்ளாத பிள்ளை, பத்துப் பேர் நடுவிலும் தனியாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை உடனே கண்ணில் படுவான். உறவைப் பெரிதாகக் கொண்ட சமூகம் உறவில் விழும் விரிசலையே முதலில் காண்கிறது.

அளக்கும் கோலும் ஒரு பண்பாட்டின் கைவேலைதான் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். மேலை நாட்டில் அமைந்த பரிசோதனைகளில் ஒன்று, பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதாகப் பாவனை செய்து, பாவனைக் கேக்கின்மேல் மெழுகுவத்தி ஏற்றி ஊதி அணைக்கும் விளையாட்டில் பிள்ளை கலந்துகொள்கிறானா என்று பார்க்கிறது. கேக்கையே கண்டிராத கிராமத்துப் பிள்ளைக்கு அந்த விளையாட்டில் என்ன இருக்கிறது? தானே கரண்டி பிடித்து உண்கிறானா என்று ஒரு கேள்வி கேட்கிறது. ஐந்து வயதுவரை பாட்டி நிலாவைக் காட்டிக் கையால் உருட்டிக் கொடுப்பதையே அன்பென்று நினைக்கும் வீட்டில், உண்ணத் தெரியாமை பிள்ளையின் குறையா, பாட்டியின் செல்லமா? பெரியவர் முகத்தை நேரே நிமிர்ந்து பார்ப்பது மரியாதைக் குறைவு என்று பழக்கும் ஊரில், கண்ணோடு கண் நோக்காமையை எப்படி அளப்பது? இக்கேள்விகளின் வலிமையை உணர்ந்தே, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி அளவுகோல் ஒன்று வகுக்கப்பட்டு 2009-இல் வெளியாயிற்று.

பெயர்களிலும் பண்பாட்டின் சாயல் படிந்திருக்கிறது. ‘தான்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது ஆட்டிசம். ஜப்பானியர் அதைத் ‘தன்னைத் தானே மூடிக்கொண்ட நோய்’ என்றும், சீனர் சில இடங்களில் ‘தனிமை நோய்’ என்றும் எழுதினார்கள். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றும் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்றும் சொல்கிறார்கள். பின்னதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே பாய்வதால் காதைப் பொத்திக்கொண்டவனையா புற உலகச் சிந்தனையற்றவன் என்பது? நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்காக 2017-இல் கேரி ஓபாய் என்ற மொழியறிஞர் ‘டாக்கிவாட்டாங்கா’ என்றொரு சொல்லை அமைத்துத் தந்தார். ‘தனக்குரிய காலத்திலும் இடத்திலும் இருப்பவன்’ என்பது அதன் பொருள். அச்சொல்லில் நோயும் இல்லை, பூட்டும் இல்லை.

இனி, சமயங்கள் சொல்லும் காரணத்துக்கு வருவோம். பூர்வஜன்ம கர்மம் என்ற ஒரே சித்தாந்தம் நம் வீடுகளில் இரண்டு விதமாகப் பயன்படுவதை நான் கண்டிருக்கிறேன். ‘நீ செய்த பாவம்’ என்று மாமியார் சொல்லும்போது அது மருமகளை மூலையில் உட்கார வைக்கும் தண்டமாகிறது. ‘இந்தப் பிள்ளைக்கும் நமக்கும் ஏதோ பந்தம், நம்மைத் தேடி வந்திருக்கிறான்’ என்று அதே மாமியார் சொல்லும்போது, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் கடமையாகிறது. இஸ்லாமியப் பெற்றோர் பலர் பிள்ளையை இறைவன் ஒப்படைத்த அமானிதமாகவும், பொறுமைக்கு வைத்த சோதனையாகவும் கொள்கிறார்கள். அறிவு நிறையாதவர் மேல் தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்பது அம்மார்க்கத்தின் சட்டமாதலால், அப்பிள்ளையின் செயல் எதுவும் பாவக் கணக்கில் ஏறுவதில்லை என்ற ஆறுதலும் அவர்களுக்கு உண்டு. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருடையதும் அன்று என்று இயேசு விடை சொன்னதாக யோவான் சுவிசேஷம் கூறுகிறது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் எழுந்த அதே கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து, விடையும் பெற்றுவிட்டது. ஆனாலும் அச்சுவிசேஷத்தை ஞாயிறுதோறும் வாசிக்கும் நாடுகளில்கூட அக்கேள்வி ஓய்ந்தபாடில்லை.

பழி தேடும் வழக்கம் சமயத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறவர்கள், விஞ்ஞானம் தானே செய்த பிழையின் கதையைக் கேட்கவேண்டும். பதினொரு பிள்ளைகளின் கட்டுரையில், இவர்கள் பிறவியிலேயே இவ்வியல்போடு வந்தவர்கள் என்று சரியாகச் சொன்ன கானர், அதே கட்டுரையில் அப்பெற்றோருள் மனக்கனிவு மிக்கவர் மிகச் சிலரே என்றும் எழுதி வைத்தார். சில ஆண்டுகளில் அந்த விதை முளைத்தது. குளிர்பதனப் பெட்டி போன்ற தாயின் அன்பின்மையால்தான் பிள்ளை உள்ளே ஒடுங்கிப் போகிறான் என்ற கொள்கை அமெரிக்க வைத்திய உலகைப் பற்றிக்கொண்டது. சிகாகோவில் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், தாமே நாஜிகளின் சிறைமுகாமில் அடைபட்டு மீண்டவர். அந்த முகாமின் கைதிக்கு இப்பிள்ளையை ஒப்பிட்டு 1967-இல் ஒரு நூல் எழுதினார். அவ்வொப்புமையில் காவலன் ஸ்தானத்தில் நின்றவள் தாய் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெய்வக் குற்றம் என்றால் பரிகாரம் ஒன்று சொல்வார்கள். அன்பில்லாத குற்றத்துக்கு எந்தக் கோயிலில் பரிகாரம் செய்வது?

அந்தக் கொள்கையை உடைத்தவர்களுள் முதன்மையானவர் பெர்னார்டு ரிம்லாண்டு. அமெரிக்கக் கடற்படையில் பணி செய்த உளவியலார். தம் மகனுக்கே ஆட்டிசம் இருந்தமையால் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, தாயின் அன்பின்மைக்கு ஆதாரமே இல்லை என்று 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். முன்னுரை எழுதிக் கொடுத்தவர் அதே கானர். 1969-இல் பெற்றோர் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்த கானர், பெற்றோர்களை அக்குற்றத்திலிருந்து விடுவிப்பதாக மேடையில் நின்று சொன்னார். கால் நூற்றாண்டாகப் பாரம் சுமந்தவர்கள் அவ்வரங்கில் எப்படி இருந்திருப்பார்கள் என்று நான் பல முறை நினைத்துப் பார்த்ததுண்டு. பிரான்சு தேசத்திலோ உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சை தகுந்ததென்று காட்டப்படவில்லை என்று அந்நாட்டு உயர் சுகாதார அமைப்பு அறிவித்தது 2012-இல்தான்.

அமெரிக்கத் தாய்மார் தலையிலிருந்து இறக்கி வைத்த இந்தப் பாரத்தைத் தென்கொரியத் தாய்மார் பலர் தாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள் என்பது, இவ்விஷயத்தில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கலங்க வைத்தது. ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தந்தையான மானிடவியலார் ராய் ரிச்சர்டு கிரிங்கர், பல நாடுகளில் இப்பிள்ளைகள் எவ்வாறு வளர்கிறார்கள் என்று நேரில் கண்டு 2007-இல் எழுதிய நூலில் இதை விவரிக்கிறார். ஆட்டிசம் என்று வைத்தியர் எழுதிவிட்டால், அது ரத்தத்தில் உள்ளது என்றாகிவிடும். ரத்தத்தில் உள்ளது என்றால் அக்காளுக்கு வரன் அமையாது, தம்பிக்குப் பெண் கிடைக்காது, குலத்தின் பெயரே கெடும். அதற்குப் பதிலாக, தாயின் பாசம் போதாமையால் வந்த பிணைப்புக் கோளாறு என்று எழுதிவிட்டாலோ, குற்றம் ஒருத்தியோடு நின்றுவிடும்; பாசத்தைப் பெருக்கினால் குணமாகும் என்ற நம்பிக்கையும் மிஞ்சும். ஆகவே, ‘நான்தான் சரியாக வளர்க்கவில்லை’ என்று சொல்லும் அந்தப் பெயரையே தாய்மார் விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வீடு தீப்பற்றும்போது பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டுத் தான் உள்ளே நின்றுகொள்ளும் ஒருத்தியின் காரியம் இது. பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் ‘அந்த வீட்டில் ஒரு பிள்ளை அப்படி இருக்கிறதாமே’ என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கும் நமக்கு, கொரியா ஒன்றும் தொலைதூர நாடு அன்று.

அந்த மறைப்பின் அளவு எவ்வளவு என்பதும் பின்னர் தெரியவந்தது. கிம் யங்-ஷின் என்ற வைத்தியரும் கிரிங்கர் முதலியோரும் சேர்ந்து, சியோல் நகரையடுத்த இல்சான் பகுதியில் ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள ஏறத்தாழ 55,000 பிள்ளைகளைக் கணக்கில் கொண்டு செய்த ஆராய்ச்சி 2011-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 2.64 பேருக்கு, அதாவது 38 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக அது கணித்தது. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரணப் பள்ளிகளில், எந்தப் பெயரும் எந்த உதவியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2005-இல், ஆட்டிசம் உள்ள ஓட்டக்கார இளைஞனையும் அவன் தாயையும் பற்றிய ‘மாரத்தான்’ என்ற திரைப்படத்தைக் கொரியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூசிய சொல்லை ஒரு திரைப்படம் தெருவுக்குக் கொண்டுவந்தது.

தங்கள் மொழியில் இதற்கென்று ஒரு சொல்லே இல்லாத சோமாலி மக்கள் யுத்தத்துக்குத் தப்பி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் குடியேறிய பின், தம் பிள்ளைகள் பலர் பேசாதிருப்பதைக் கண்டு, இது நம் ஊரில் இல்லாத மேலைநாட்டு நோய் என்று அஞ்சினார்கள். வைத்தியர்கள் அவர்களுக்குப் புரியும்படி விடை சொல்லாத இடத்தில், தடுப்பூசிதான் காரணம் என்று சொல்லும் கூட்டம் வந்து உட்கார்ந்தது; தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998-இல் எழுதி, 2010-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டே அவர்களிடம் நேரில் வந்து பேசினார். அச்சமூகத்துக் குழந்தைகளில் 2004-இல் நூற்றுக்கு 92 பேர் போட்டுக்கொண்டிருந்த தடுப்பூசி, 2014-இல் 42 பேராகச் சுருங்கிற்று. 2017-இல் அந்நகர் அமைந்த மாநிலத்தில் தட்டம்மை பரவி 75 பேரைத் தாக்கியது. பெரும்பாலோர் சோமாலிப் பிள்ளைகள். நோய்க்கு அஞ்சியவர்களை வேறொரு நோயிடம் கொண்டுபோய் விட்டது, விடை கிடைக்காத அந்தக் கேள்வி.

சமய நம்பிக்கை பிள்ளையை உயர்த்தி வைப்பதும் உண்டு. பழைய ருஷ்யாவில் ‘இறைவனின் பித்தர்கள்’ என்று மக்கள் போற்றிய சிலரிடம் இவ்வியல்பு இருந்திருக்கலாம் என்று 1974-இல் இருவர் ஓர் ஊகம் எழுதினார்கள். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துத் தேவாலயம் அப்படிப்பட்ட வாசிலி என்ற பித்தரின் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது. இஸ்ரேலின் வைதிக யூதருள் சிலர், இப்பிள்ளைகளை உயர்ந்த ஆத்மாக்கள் என்று மதிக்கிறார்கள். மதிப்பது நல்லதே, ஆனால் அங்கே ஒரு காரியம் நடந்தது. பேசாத பிள்ளையின் கையை மற்றொருவர் தாங்கிப் பிடிக்க, அவன் விரல் எழுத்துப் பலகையில் தட்டுவதாகச் சொல்லப்படும் முறை ஒன்று 1990-களில் பரவியபோது, அவ்வழியே அப்பிள்ளைகள் மறுமைச் செய்திகளையும் எச்சரிக்கைகளையும் சொல்வதாகச் சிலர் நம்பினார்கள். 1993-இல் நியூயார்க் மாநிலத்தில் பன்னிரண்டு பேரிடம் செய்த பரிசோதனையில், கை தாங்குபவருக்கு ஒரு படத்தையும் தட்டுபவர்க்கு வேறொரு படத்தையும் காட்டியபோது, எழுத்தாக வந்தது தாங்குபவர் கண்ட படமே. பன்னிரண்டு பேரில் ஒருவரும் தாம் கண்டதைச் சொல்லவில்லை. தீர்க்கதரிசியாக்கப்பட்ட பிள்ளையின் வாயில் பேசியவர் வேறொருவர். அவனுக்கு என்ன வேண்டும், பசிக்கிறதா, காது வலிக்கிறதா என்பது அப்போதும் ஒருவருக்கும் தெரியாமலே போயிற்று.

நம் நாட்டில் தெய்வத்தின் வாசலில் நோயாளியைக் கொண்டுபோய் வைப்பது நெடுநாளைய வழக்கம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளியான கட்டுரை, மருந்து ஏதுமில்லாமலே ஏறத்தாழ ஆறு வாரத்தில் அவர்களுடைய நோய்க்குறிகள் இருபது சதவீதம் அளவு தணிந்ததாகச் சொல்கிறது. அடிக்காமல், கட்டாமல், அன்போடு இருக்க இடம் கொடுத்ததே அதற்குத் துணை செய்தது என்று கொள்ள இடமுண்டு. அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் வெந்து மடிந்ததை இந்நாடு மறக்கவில்லை. இவ்விரண்டும் மனநோயைப் பற்றியவை. ஆட்டிசம் மனநோய் அன்று, வந்து போகும் பிணியும் அன்று, வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் இயல்பு. அதனாலேயே, தெய்வ சந்நிதியில் ஒரு மண்டலம் வைத்திருந்தால் ‘குணமாகும்’ என்று காத்திருக்கும் குடும்பம் இழப்பது பணத்தை மட்டுமன்று, பிள்ளை கற்றுக்கொள்ளக்கூடிய இளமைக் காலத்தையும்தான். நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செலுத்திவிட்டு வரும் வழியிலேயே ஸ்பீச் தெரபிக்கும் போகலாமே என்பதுதான் என் விண்ணப்பம்.

அந்தத் தெரபி அறையிலும் ஒரு பண்பாட்டுச் சிக்கல் காத்திருக்கிறது. ‘வீட்டில் ஒரே பாஷை பேசுங்கள், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், இரண்டு பாஷை பிள்ளையைக் குழப்பும்’ என்று அமெரிக்காவில் குடியேறிய தெற்காசியப் பெற்றோரிடம் நிபுணர்கள் சொல்லிவந்தார்கள். அங்கே வாழும் இஸ்லாமியக் குடும்பங்களிடையே ஆராய்ந்த பிருந்தா ஜெகதீசன், அப்பெற்றோர் அதை ஏற்கத் தயங்கியதை எழுதியிருக்கிறார். பிரார்த்தனைக்கு ஒரு மொழி, பாட்டியோடு பேச ஒரு மொழி, பள்ளிக்கு ஒரு மொழி. எதை வெட்டினாலும் பிள்ளையின் உலகத்தில் ஓர் அறை இடிந்துபோகும். கனடாவில் செய்து 2012-இல் வெளியான ஆராய்ச்சியில், இரண்டு மொழிக்கிடையே வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் மேலும் தாமதம் ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. டொராண்டோவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ்த் தாய்மாருக்கு இச்செய்தி போய்ச் சேரவேண்டும். தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் அளந்து அளந்து பேசும் தாயைவிட, ‘வாடா கண்ணு’ என்று தன் மொழியில் தடையின்றிக் கூப்பிடும் தாய் அப்பிள்ளைக்கு எத்தனையோ மடங்கு வேண்டியவள்.

தாயைக் குற்றவாளியாக நிறுத்தாமல் கூட்டாளியாக ஏற்கும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. கோவாவிலும் பாக்கிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களிடையே செய்து, 2016-இல் லான்செட் மனநல ஏட்டில் பிரசுரமான ஆராய்ச்சியில், பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்றுப் பெற்றோரிடம் சென்றார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோவில் பதிவு செய்வது. பிறகு தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஓட்டிக் காட்டுவது. ‘இதோ, இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் அவன் வைத்த கட்டையைப் பற்றியே பேசினீர்கள், உடனே இன்னொன்றை நீட்டினான் பாருங்கள்’ என்று, அவள் சரியாகச் செய்ததைச் சுட்டிக் காட்டுவது. பிள்ளையின் போக்குக்கு இசையப் பேசும் தாயின் திறமும், தானாக முன்வந்து தொடர்புகொள்ளும் பிள்ளையின் முயற்சியும் வளர்ந்தன. ‘நீ செய்த தவறு’ என்றே கேட்டுப் பழகிய ஒருத்திக்கு, தான் சரியாகச் செய்த ஒரு கணத்தைத் திரையில் காண்பது எத்தகைய மருந்து! நம் நாட்டுச் சட்டமும் மெல்ல மாறியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் பெறாத ஆட்டிசம், 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் வாங்கப் போகும் பெற்றோர் இவ்வாண்டுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கானரின் பதினொருவரில் முதலாமவரான டொனால்டு டிரிப்லெட், மூன்று வயதில் ஒரு விடுதியில் விடப்பட்டு, அங்குள்ளவர்கள் வேண்டாமென்று சொல்லியும் பெற்றோரால் திரும்ப அழைத்து வரப்பட்டவர். சில ஆண்டுகளுக்குப் பின், பிள்ளையில்லாத ஒரு குடியானவத் தம்பதி மிசிசிப்பி மாநிலத்தில் தம் பண்ணையில் அவனை வைத்து வளர்த்தார்கள். அங்கே கானர் நேரில் சென்று பார்த்து எழுதியிருப்பது என் மனத்தை விட்டு நீங்குவதில்லை. எதையும் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருந்த அப்பிள்ளையின் பழக்கத்தை அவர்கள் தடுக்கவில்லை. சோளக்கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டே வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். கிணறு தோண்டும்போது ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். சொந்த ஊரார் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார்கள். குடும்பத்தின் வங்கியில் வேலை பார்த்து, கால்ஃப் ஆடி, நாடு பல சுற்றிவந்து, 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

எங்கள் ஊர்ப் பிள்ளையைச் சென்ற தை மாதத்தில் மறுபடி பார்த்தேன். மாலையில் நடை திறந்த சற்று நேரம். கூட்டம் இல்லை, மேளமணி இயந்திரம் ஓட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பாட்டியின் யோசனைதான் அந்த நேரம் என்று அவன் தாய் சொன்னாள். நவக்கிரக சந்நிதியைச் சுற்றிக்கொண்டிருந்தான்; ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரே கல்லில் கால் வைத்து நின்று, பாட்டியின் விரலில் ஒன்றை மடக்கினான். ஒன்பதாவது விரல் மடங்கியதும் அவன் தன் வாயால் சொன்ன எண்ணைக் கேட்க, தாயும் பாட்டியும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சொன்னான். பிறகு, முதலிலிருந்து மறுபடி ஒருமுறை சுற்றவேண்டும் என்று பாட்டியின் கையை இழுத்தான்.